இந்தத் தீபாவளிக்குப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

ஜார்ஜ் டவுன் அடுக்குமாடிகளிலும் கடைவீடுகளிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தாருக்கு,



தீபாவளிக்குச் சாயம் அடிக்கும் காலம் வந்துவிட்டது. ஹார்ட்வேர் கடைகளில் சாய அட்டையை விரித்து வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக நிற்கிறீர்கள். ஹாலுக்கு எந்த நிறம், சாமி மேடைச் சுவருக்கு எந்த நிறம், வாசல் கிரில்லுக்குக் கறுப்பா வெள்ளையா என்று பேச்சு நடக்கிறது. ஹால் முடிந்து, அறைகள் முடிந்து, சமையலறைக்கு வந்து சேரும்போது கையில் காசும் தீர்ந்திருக்கும், உடம்பில் தெம்பும் தீர்ந்திருக்கும். துணி துவைக்கிற இடத்துக்கு மிஞ்சுவது டின்னின் அடியில் ஒட்டியிருக்கும் சாயம். பல வீடுகளில் அதுவும் மிஞ்சுவதில்லை.

இந்த ஆண்டு அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பெரிய செலவு வேண்டாம். 300 வெள்ளியை ஓர் உறையில் போட்டு, அது இந்த இடத்துக்கு மட்டும்தான் என்று முடிவு செய்யுங்கள். அதை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை விரிவாகச் சொல்கிறேன்.

ஹாலில் விருந்தாளி வந்து உட்காருவது ஆண்டில் சில நாள். பின்பக்கத்தில் ஒருவர் தினமும் நிற்கிறார். அம்மாவோ, அண்ணியோ, பாட்டியோ, வேலை முடிந்து வந்து பள்ளிச் சட்டையை அலசிப் போடும் அப்பாவோ, யாரோ ஒருவர். ஈரத் தரையில், மங்கல் விளக்கில், குனிந்தும் நிமிர்ந்தும், கனத்த வாளியைத் தூக்கியும் நிற்கிறார். அவர் நிற்கிற இடம் வீட்டிலேயே மோசமான இடமாக இருக்கலாம் என்று நாம் எப்போது ஏற்றுக்கொண்டோம்?

இந்த ஊரில் நமக்கு அப்படி ஏற்றுக்கொள்ள நியாயமே இல்லை. ஜாலான் ஆயர் ஈத்தாமில் யார்க் சாலைப் பக்கம் போனவர்களுக்குத் தோபி காட் தெரியும். தமிழகத்திலிருந்து வந்த வண்ணார் குடும்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் கல் போட்டு, கொடி கட்டி, அந்த இடத்தைத் தொழிலிடமாக்கின. அவர்கள் எழுப்பிய இராமர் கோயில் அங்கேதான் நிற்கிறது. சிங்கப்பூரிலும் அப்படி ஒரு துறை இருந்தது. அங்கே இன்று பெயர் மட்டும் ரயில் நிலையத்தில் தங்கியிருக்கிறது. நம்முடைய ஊரிலோ அந்தப் பெயர் இன்னும் ஆட்கள் வாழும் இடத்தின் பெயர். வெள்ளைக்காரத் துரையின் கோட்டு முதல் மருத்துவமனைப் படுக்கை விரிப்பு வரை இந்த ஊரின் அழுக்கெல்லாம் ஒரு காலத்தில் நம்மவர் கையில்தான் போனது. பினாங்கின் வரலாறு எழுதுகிறவர்கள் துறைமுகத்தையும் ஈயத்தையும் மிளகையும் எழுதுகிறார்கள். துவைகல்லுக்கும் அதில் ஓர் அத்தியாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தத் தொழிலாளர்கள் தங்கள் துறையை எப்படி அமைத்தார்கள் என்று பார்த்தால் நமக்கு வேண்டிய பாடம் முழுவதும் கிடைக்கும். முதலில் தண்ணீர் வரும் வழி. அடுத்து அது போகும் வழி. பிறகு வெயிலும் காற்றும். கல்லின் உயரம் துவைப்பவரின் இடுப்புக்குத் தக்கபடி. துணி கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி, அதுவும் சேங்கொட்டைச் சாற்றில் இட்டால் எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாத குறி. அழகு என்று தனியாக எதையும் அவர்கள் வாங்கி மாட்டவில்லை. ஆனால் வரிசை வரிசையாக வெள்ளைத் துணி காயும் துறையைப் பார்த்தவர் எவரும் அதை அழகில்லாத இடம் என்று சொல்லமாட்டார்.

கொடி கட்டுவதற்கும் இப்படி ஒரு பாடம் உண்டு. கேரளத்தின் ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் ஒரு தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். இப்போதுள்ள துவைக்கும் கூடம் 1976இல் கட்டப்பட்டது. அங்கே கொடியில் கிளிப்பே கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முறுக்கைச் சற்று விலக்கித் துணியின் ஓரத்தைச் செருகிவிட்டால் கயிறே இறுகப் பிடித்துக்கொள்ளும். காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது, துணியில் துருக்கறையும் படாது. இதை உங்கள் வீட்டில் செய்ய ஒரு கட்டு நைலான் கயிறும் சுவரில் இரண்டு கொக்கியும் போதும். சில வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

சரி, நம் வீடுகளில் இந்த இடம் ஏன் இப்படி ஆனது? பழைய கடைவீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கும். அங்கே துவைத்து, அங்கேயே உலர்த்தி, மழை பெய்தால் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொள்வார்கள். வெளிச்சமும் காற்றும் கேட்காமலே கிடைத்தன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விலக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து பழைய வாடகைகள் போயின. நகர்ப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருந்த பல குடும்பங்கள் வெளியேறி அடுக்குமாடிகளுக்குப் போயின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, அந்த முற்றங்களில் துணி காயப்போட்ட பலர் அங்கே இல்லை. அவர்களுக்குக் கிடைத்த புதிய வீட்டில் முற்றத்துக்குப் பதில் சமையலறைக்குப் பின்னால் ஒரு சிறு யார்ட். அதிலே மெஷின், கேஸ் தோம்பு, துடைப்பம், பழைய செய்தித்தாள், உடைந்த சைக்கிள், அதற்கு மேலே ஈரத் துணி.

ஆகவே முதல் வேலைக்குக் காசே வேண்டாம். அந்த இடத்திலுள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடுங்கள். மெஷினைத் தவிர எல்லாவற்றையும். துணி துவைப்பதற்குச் சம்பந்தமில்லாத எதுவும் திரும்பி உள்ளே போகக்கூடாது. காலியான தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக வடிகால் வாய்க்குப் போய்ச் சேரும். எங்காவது தேங்கினால் அந்த இடத்தில்தான் பாசி பிடிக்கிறது, அந்த இடத்தில்தான் பாட்டி வழுக்கி விழுகிறார். தரை முழுதையும் பெயர்க்க வேண்டாம். தேங்கும் பள்ளத்தை மட்டும் சிமெண்டு கலவையால் நிரவிச் சரிவு கொடுக்கலாம். கொத்தனார் தெரிந்தவர் ஒருவர் அரைநாளில் செய்து தருவார்.

வடிகால் வாயைத் திறந்து முடியும் நூலும் எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். அதற்குள் வளைவில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே ஏறாமல் தடுக்கிறது. ஊருக்குப் போய் நாள்கணக்கில் வீட்டைப் பூட்டி வைத்தால் அது வற்றிவிடும். திரும்பி வந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் வாடை போய்விடும். இதற்காக வாசனைத் திரவியம் வாங்கிச் செலவழிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

முன்பக்கம் திறக்கும் மெஷின் வைத்திருப்பவர்கள் அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாயைக் கவனியுங்கள். அது தரையிலே கிடந்தால், மெஷின் ஒரு பக்கம் தண்ணீர் பிடிக்கப் பிடிக்க இன்னொரு பக்கம் தானாக வெளியே ஓடிவிடும். தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குழாய் ஏறி இறங்க வேண்டும். மேலே திறக்கும் மெஷின்கள் பலவற்றில் குழாய் கீழேயே இருக்கும்படிதான் அமைப்பு. அதனால் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். நான்கு காலும் சமமாகத் தரையில் ஊன்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். மெஷின் நடந்து வருகிறது, புதிது வாங்க வேண்டும் என்று புலம்பும் வீடுகளில் பாதிக்கு வேண்டியது காலைத் திருகிச் சமப்படுத்துவதுதான்.

அடுத்தது மின்சாரம். இங்கே மட்டும் காசு பார்க்காதீர்கள். சமையலறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, ஈரத் தரையில் படுக்கவிட்டு மெஷின் ஓட்டும் வீடுகள் நம்மிடையே நிறைய. உறையிலுள்ள பணத்தில் பெரும்பங்கு இதற்கே போனாலும் போகட்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மெஷினுக்கென்று தனி சாக்கெட், மூடியுள்ளதாகப் போடச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவி மெயின் பெட்டியில் இருக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சாயம், தட்டு, கயிறு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

இப்போது மழைக்கு வருகிறேன். பினாங்கில் ஆண்டிலேயே அதிகம் மழை கொட்டுவது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். சரியாகத் தீபாவளிக்கு முன்னால். எல்லா வீட்டிலும் திரைச்சீலையையும் படுக்கை விரிப்பையும் துவைக்கும் நாட்களில் வானம் மூடிக்கொள்ளும். பெரியபுராணத்தில் திருக்குறிப்புத் தொண்டர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காஞ்சியில் சிவனடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதையே தொண்டாகக் கொண்டவர். ஏழை அடியார் உருவில் வந்த இறைவனிடம், மாலைக்குள் துணியை உலர்த்தித் தருவேன் என்று வாக்குக் கொடுத்தார். மழை பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. சொன்ன சொல் தவறியதே என்று துவைகல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போனார். இறைவன் கையைப் பற்றித் தடுத்தான். அறுபத்துமூவரில் ஒருவராக அவரை வைத்துக் கும்பிடுகிற நாம், துணி உலராமல் போகும்போது ஒருவர் மனம் படும் பாட்டை அற்பமாக நினைக்கக்கூடாது. காலையில் பள்ளிச் சீருடை ஈரமாக இருப்பதைப் பார்த்த எந்தத் தாய்க்கும் அந்தக் கதை புரியும்.

ஒரு மெஷின் துணி உலரும்போது சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. யார்டை மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் தகட்டால் முழுக்க அடைத்துவிட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? சுவரில் போய் உட்காரும், கறுப்புக் கறுப்பாகப் பூசணம் பூக்கும், துணியில் புழுங்கிய வாடை ஏறும். அதனால் அடைத்த தகட்டில் மேல் ஒரு சாணும் கீழ் ஒரு சாணும் திறந்துவிடுங்கள். நாக்கோ ஜன்னல் இருந்தால் துருப்பிடித்து மூடியபடி நின்றுபோன கண்ணாடிகளை எண்ணெய் விட்டுத் திருப்புங்கள். ஒரு சிறிய சுவர் மின்விசிறியைத் துணிக்குப் பக்கவாட்டில் மாட்டி, காற்று ஜன்னலை நோக்கிப் போகும்படி வையுங்கள். துணிக்கும் துணிக்கும் இடையே ஒரு கை புகும் இடைவெளி விட்டுப் போடுங்கள். மழை நாளில் பாதித் துணி மட்டும் துவைப்பது, எல்லாவற்றையும் துவைத்து நெருக்கிப் போடுவதைவிட விரைவில் வேலையை முடிக்கும்.

பூசணம் ஏற்கெனவே பிடித்த சுவரை என்ன செய்வது? அதன்மேல் சாயம் அடித்தால் சில வாரத்தில் திரும்ப வந்துவிடும். ஒரு பங்கு குளோரோக்ஸ், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத் துடையுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடோ வினிகரோடோ அமோனியா உள்ள திரவத்தோடோ அதை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். சுவர் நன்றாகக் காய்ந்தபின்தான் தூரிகையைக் கையில் எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். செங்கல் மாதிரி, டைல்ஸ் மாதிரி ஒட்டுத்தாள் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. படத்தில் மிக அழகாக இருக்கிறது. ஈரச் சுவரில் அதை ஒட்டாதீர்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் மாட்டிக்கொண்டு, முன்னால் பூவும் பின்னால் பூசணமுமாக ஆகிவிடும்; உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். குறைந்த செலவு என்று தொடங்கியது இரட்டைச் செலவாக முடியும்.

சாயத்தைப் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம். லீத் சாலையில் 14ஆம் எண்ணில் சியோங் ஃபாட் ட்சே மாளிகை இருக்கிறது. நீல மாளிகை என்றால் டாக்சிக்காரருக்கும் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சீனப் பெருவணிகர் கட்டியது. சிதைந்து கிடந்ததை 1989இல் மரபுரிமை ஆர்வலர்கள் சிலர் வாங்கிச் சீர்செய்தார்கள். 2000ஆம் ஆண்டில் அந்தப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அந்த நீலம் வேறொன்றுமில்லை, சுண்ணாம்பில் அவுரி கலந்த பூச்சு. சுற்றுப்பயணிகள் கட்டணம் கொடுத்துப் பார்க்கிற அந்தச் சுவரின் வேலைமுறை நம் பாட்டிமாருக்கு மனப்பாடம். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலப்பொடி கலப்பார்கள். அதே பொடியைத்தான் வேட்டி அலசும் கடைசித் தண்ணீரிலும் கரைப்பார்கள். வெள்ளைத் துணியும் வெள்ளைச் சுவரும் பழசானால் மஞ்சள் ஏறும். லேசான நீலம் அந்த மஞ்சளை அடக்கிவிடும், கண்ணுக்குத் தூய வெள்ளையாகத் தெரியும். துணிக்கும் சுவருக்கும் ஒரே மருந்து.

துணி துவைக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் எனக்குத் தோன்றவில்லை. கடைவீட்டில் இருப்பவர்கள் உண்மையான சுண்ணாம்பையே பூசலாம், பூச வேண்டும். அந்தப் பழைய செங்கல் சுவர்கள் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டோ பிளாஸ்டிக் சாயமோ அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு வீங்கி உதிரும். சுண்ணாம்பை நீர்மோர் மாதிரி தண்ணீராகக் கரைத்து, வடிகட்டி, சுவரை நனைத்துவிட்டு, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை அடியுங்கள். கண்ணுக்கும் கைக்கும் காப்புப் போட்டுக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு சுடும். நீலப்பொடி அந்தக் காரத்தைத் தாங்கும், நிறம் மங்காது. மரபுரிமை எல்லைக்குள் இருப்பவர்கள், பூச்சைத் தாண்டிச் சுவரையோ கூரையையோ முற்றத்தையோ தொடுவதற்கு முன் மாநகர் மன்றத்தைக் கேளுங்கள். 2010இல் தொடங்கப்பட்ட ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நிறுவனத்திலும் பழைய கட்டடத்துக்கு எது பொருந்தும் என்று ஆலோசனை கேட்கலாம்.

அடுக்குமாடியில் சுவர் ஏற்கெனவே பிளாஸ்டிக் சாயம் கண்டது. அதில் சுண்ணாம்பு பிடிக்காது. அங்கே பூசணம் தாங்கும் எமல்ஷன் வாங்குங்கள். கடையில் நிறம் கலக்கும்போது நீலச் சாயல் மட்டும் தட்டும் வெள்ளையாகக் கேளுங்கள். ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் பத்துச் சதுர மீட்டர் போகும். இரண்டு மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமுமான மூன்று சுவருக்கு இரண்டு பூச்சு அடிக்க மூன்று லிட்டர் போதும். கூரையையும் வெள்ளையாக்குங்கள். மங்கல் பல்பைக் கழற்றிவிட்டு நல்ல வெள்ளை எல்இடி ஒன்றைப் போட்டால் காலர் அழுக்கு எது, கறை எது என்று துவைப்பவருக்குத் தெரியும். பிள்ளைகள் அடர்ந்த நிறம் கேட்டால் கதவைக் கொடுத்துவிடுங்கள். மயில் நீலமோ மாம்பழ மஞ்சளோ, அவர்கள் விருப்பம்.

சாமான்களுக்கு அவசரப்படாதீர்கள். சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிய லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்கு ஒரு காலையில் போய் நடங்கள். கனமான பழைய மரப்பலகை, எனாமல் பேசின், கண்ணாடி ஜாடி எல்லாம் அங்கே கண்ணில் படும். பலகையை மெஷினுக்குப் பக்கத்திலோ மேலேயோ, நிற்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழான உயரத்தில் சுவரில் பொருத்துங்கள். துணி மடிக்கவும் வாளியை வைக்கவும் அந்த ஒரு தட்டு போதும். குனிகிற வேலையில் பாதி குறையும். வயதானவர் துவைக்கும் வீடானால் கொடியையும் அவர் கை எட்டும் உயரத்துக்கு இறக்குங்கள். பழைய வண்ணார் குறியின் வழியிலேயே, ஆளுக்கு ஒரு கூடை, கூடைக்கு ஒரு நிறத் துணி கட்டி அடையாளம். அழுக்கை அவரவர் கொண்டுவந்து போடட்டும். கம்பளியும் தடித்த போர்வையும் துவைக்கப் பெரிய மெஷின் வாங்கவேண்டும் என்று எண்ணினால் நிறுத்துங்கள். தெருவுக்குத் தெரு சுயசேவைத் தோபிக் கடைகள் வந்துவிட்டன, எப்போதாவது ஒருமுறை அங்கே கொண்டுபோனால் போதும்.

தண்ணீர்த் தொட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்து வால்வுகளை மாற்றும் பணிக்காக நான்கு நாள் தண்ணீர் தடைப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அதற்குப் பிறகு பின்பக்கத்தில் தோம்பு வைக்காத வீடு குறைவு. வைத்திருங்கள், ஆனால் இறுக்கமான மூடி போடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். டிங்கிக் காய்ச்சலை நம் கையாலேயே வீட்டுக்குள் வளர்க்கக்கூடாது.

மாடி வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே கழியில் துணி போடுபவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். 2018 ஜனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாம் அடுக்குமாடி ஒன்றில் மேலிருந்து விழுந்த நாற்காலி, தாயோடு நடந்து வந்த பதினைந்து வயதுத் தமிழ்ப் பையனின் உயிரைக் கொண்டுபோனது. கழியும் பூந்தொட்டியும் சோப்பு வாளியும் அதேபோல்தான் விழும். விளிம்பில் எதையும் வைக்காதீர்கள். கழியை இருமுனையிலும் கட்டுங்கள். கொக்கி துருப்பிடித்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

நிர்வாகக் குழுவில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. அடுக்குமாடி நிர்வாகத்துக்கான 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, முன் அனுமதியில்லாமல் வீட்டுக்கு வெளியே நீட்டித் துணி போடக்கூடாது, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போடலாம். பல கட்டடங்களில் தடையை அறிவிக்கும் தாள் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஒதுக்கிய இடம் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. காலியாகக் கிடக்கும் திடலின் ஓரத்தில் இரும்புக் கம்பம் நட்டு, மேலே தெளிந்த தகடு போட்டு, கயிறு கட்டினால் ஒரு பிளாக்குக்கே விடிவு. அடுத்து வரும் ஆண்டுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து இதைத் தீர்மானமாக வையுங்கள். பராமரிப்புக் கட்டணம் கட்டுகிற எல்லாருக்கும் அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. துவைப்பவர்களைக் கேட்டுவிட்டுக் கம்பத்தின் உயரத்தைத் தீர்மானியுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஆணி அடிக்க விடமாட்டார்களே என்று தயங்க வேண்டாம். நிற்கும் கொடி ஸ்டாண்டு, மின்விசிறி, கூடை, எல்இடி விளக்கு இவையெல்லாம் வீடு மாறும்போது கூடவே வரும். வடிகாலும் மின்சாரமும் பொதுவாக வீட்டுக்காரர் பொறுப்பு. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, எழுத்தில் கேளுங்கள். சுவரையும் கேட்டுவிட்டே அடியுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார், மூன்று லிட்டர் வெள்ளைச் சாயம் அவருக்கும் லாபம்தான்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் பையன்களுக்கும்: சாயம் அடித்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஈரத் துணி வாளியை இனி நீங்கள் தூக்குங்கள். உதறிப் போடுவதற்கு ஒரு முறை உண்டு, அம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். சரியாக உதறினால் பாதிச் சட்டைக்குத் தேய்ப்புப் பெட்டியே வேண்டாம்.

வரும் சனிக்கிழமை வெயில் இருந்தால் சாமான்களை வெளியே எடுத்துவிடுங்கள். ஞாயிறு சுவரைக் கழுவுங்கள். நடுவாரத்தில் எலக்ட்ரீஷியன் வந்து போகட்டும். அடுத்த வாரம் சாயம், அதற்கு அடுத்த வாரம் தட்டும் கயிறும். ஹால் சுவர் இந்த ஆண்டு காத்திருக்கலாம்.

தீபாவளி வாழ்த்துகளுடன்,
உங்களைப் போலவே இந்த ஊரில் துணி காயப் போடும் ஒருவர்
ஜார்ஜ் டவுன், பினாங்கு